கம்பங்கூழுக்கு ‘ப்ரோபயாட்டிக்’ டெஸ்ட்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கூழ், நீராகாரம், மோர், உப்பில் போட்ட மாங்காய், கொம்புச்சா என்று எதையாவது புளிக்க வைத்து விற்கிற சின்ன வியாபாரிகளுக்காகச் சில தனியார் லேப்கள் இப்போது ஒரு பேக்கேஜ் விற்கின்றன. பெயர் ‘ப்ரோபயாட்டிக் பொட்டென்ஷியல் அசெஸ்மென்ட்’, அதாவது சாப்பிடுகிறவருக்கு நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியாவாக இருக்கும் தகுதி உண்டா என்ற மதிப்பீடு. உங்கள் பொருளில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது வயிற்று அமிலத்தில் பிழைக்குமா, பித்தநீரைத் தாங்குமா, குடலில் ஒட்டுமா, கெட்ட கிருமியை அடக்குமா என்றெல்லாம் பார்த்து ஒரு ரிப்போர்ட் தருவார்கள். கடைசிப் பக்கத்தில் தங்க நிற பார்டர் போட்ட சான்றிதழும் உண்டு. நானும் அண்ணியும் ஈரோட்டில் பாட்டிலில் அடைத்த கம்பங்கூழ் விற்கிறோம். நாங்கள் அந்தப் பேக்கேஜை வாங்கினோம். என் மதிப்பெண் 5க்கு 2.5. அந்த இரண்டரையும் எதற்கு என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அவர்கள் விளம்பரம் செய்கிற விஷயத்துக்கு நான் அரை மார்க்கூடத் தரமாட்டேன்.

லேபின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விசாரித்தவரை மற்ற இடங்களிலும் கிட்டத்தட்ட இதே டெஸ்ட் பட்டியலைத்தான் காட்டினார்கள், அதனால் ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் அர்த்தமில்லை.

எங்களுக்கு இந்த ஆசை வந்த காரணம் சாதாரணமானது. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பொருளை வைக்கக் கேட்டபோது கொள்முதல் பார்க்கிறவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேடம், ‘ப்ரோபயாட்டிக்’னு போட்டீங்கன்னா ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டு தரேன், இல்லேன்னா கீழ மோரோட மோராத்தான் இருக்கும்” என்றார். அண்ணி உடனே போட்டுவிடலாம் என்றார். “கூழ்ல நல்ல கிருமி இருக்குன்னு ஊருக்கே தெரியும், இதுக்கு எதுக்குடி டெஸ்ட்டு?” நான் மைக்ரோபயாலஜி படித்தவள், அதனால் கொஞ்சம் இழுத்தேன். சரி, ஒரு ரிப்போர்ட் கையில் இருக்கட்டும் என்று அனுப்பினோம். பேக்கேஜ் விலை எங்கள் ஒரு மாத லாபத்தில் பாதிக்கும் மேல்.

டெஸ்ட்டைப் பற்றிப் பேசும் முன் கூழில் பாக்டீரியா எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். கம்பு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்க வைக்கிறோம், அதில் பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகும், மறுநாள் காலை அதைக் கொதிக்கக் கொதிக்கக் களியாகக் கிண்டுகிறோம், அத்தோடு அந்தக் கோடியும் காலி. இட்லிக்கும் இதே கதைதான். மாவில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா நுரைக்க நுரைக்க இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் ஆவியில் வெந்த இட்லியில் உயிரோடு எதுவும் இருக்காது. இட்லி நல்ல உணவு, செரிமானத்துக்குச் சுலபம், புளிப்பதால் சத்து உடலில் சேர்வதும் கூடுகிறது, எல்லாம் சரி. ஆனால் மாவு பாக்கெட்டில் ‘ப்ரோபயாட்டிக்’ என்று எழுதினால் அது பச்சை மாவைக் குடிக்கிறவருக்கு மட்டும்தான் பொருந்தும். கூழ் தப்பிப்பது இரண்டாவது இரவால். களியை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைக்கும்போது பானையின் சுவரிலிருந்தும், நாங்கள் கொஞ்சம் எடுத்து ஊற்றும் முந்தின நாள் நீராகாரத்திலிருந்தும் பாக்டீரியா மறுபடி குடியேறுகிறது, அதற்குப் பிறகு சூடு பண்ணுவதே இல்லை. அதனால் கம்பங்கூழை உயிருள்ள பாக்டீரியாவோடுதான் குடிக்கிறீர்கள். மோர் நாங்கள் கலப்பதில்லை, குடிக்கிறவர் விருப்பம். இந்த மோர் விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் எடுக்கும் சேவை நன்றாக இருந்தது, இதில் குறை சொல்ல முடியாது. ஐஸ் ஜெல் வைத்த தெர்மோகோல் பெட்டியை அவர்களே அனுப்பினார்கள், எந்த நேரத்தில் நிரப்ப வேண்டும், எத்தனை மணிக்குள் தங்களிடம் வந்து சேர வேண்டும் என்று தமிழில் ஒரு தாள். அன்றே வாங்கிக்கொண்டு போனார்கள். போனில் பேசிய டெக்னீஷியன் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள், எனக்குத் தெரிந்த கேள்வியையே மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டும் சலித்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட் மட்டும் சொன்ன தேதியைத் தாண்டி இழுத்தது. நடுவில் போன் செய்தால் ‘சீக்வென்சிங் போயிருக்கு’ என்றே பதில்.

முதல் பகுதி எண்ணிக்கை. கூழைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, எம்.ஆர்.எஸ். அகாரில் பூசி, 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்து, முளைக்கும் காலனிகளை எண்ணுகிற பழைய முறை. எம்.ஆர்.எஸ். என்பது டி மேன், ரொகோசா, ஷார்ப் என்ற மூவரின் முதலெழுத்து, 1960இல் அவர்கள் வெளியிட்ட ஊடகம், இன்றும் லாக்டிக் பாக்டீரியா வேலை என்றால் எல்லா லேபிலும் முதலில் கலக்குவது அதைத்தான். வந்த காலனிகளில் கிராம் சாயம் ஊதாவாகப் பிடிக்கிறதா, ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டினால் நுரைக்காமல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். எங்கள் கூழில் மில்லிக்குக் கோடிக்கு மேல் வந்தது. 200 மில்லி பாட்டில் என்று கணக்குப் போட்டால் 200 கோடி தாண்டுகிறது. ஃபெசாய், அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ப்ரோபயாட்டிக் என்று விற்கும் உணவில் ஒரு நாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். யாகுல்ட்டின் 65 மில்லிக் குப்பியில் 650 கோடி என்று லேபிளிலேயே போடுகிறார்கள். ஆக வெறும் எண்ணிக்கைப் போட்டி என்றால் நாங்கள் பாஸ். அண்ணி இந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டார்.

கூடவே கோலிஃபார்ம் (சுத்தக் குறைவைக் காட்டும் பாக்டீரியா), ஈஸ்ட், பூஞ்சை எண்ணிக்கையும் வந்தது. இந்தப் பகுதிக்கு மட்டும்தான் என்.ஏ.பி.எல்., அதாவது லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியத்தின் முத்திரை இருந்தது, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒரு லேப் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றது என்றால் அங்கே செய்கிற எல்லா டெஸ்ட்டும் அங்கீகாரம் பெற்றது என்று அர்த்தமில்லை. எந்தெந்தப் பொருளில் எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்று ஒரு பட்டியல் உண்டு, ‘ஸ்கோப்’ என்பார்கள், என்.ஏ.பி.எல். இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் லேபின் ஸ்கோப்பில் கோலிஃபார்ம் இருந்தது, அமிலத் தாங்குதல், பித்தத் தாங்குதல், ஒட்டும் திறன் எதுவும் இல்லை. பேக்கேஜ் விளம்பரத்தின் தலைப்பிலோ அந்த முத்திரை பெரிதாக இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் பார்க்கிறவர் தப்பாகப் புரிந்துகொள்ளத் தோதாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்து அடையாளம் காண்பது. மூன்று காலனிகளை எடுத்து, பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16 எஸ் மரபணுவின் வரிசை பார்த்ததில் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம், லிமோசிலாக்டோபேசில்லஸ் ஃபெர்மெண்டம், ஒரு வைசெல்லா என்று வந்தது. நாங்கள் படித்த காலத்தில் முதல் இரண்டும் வெறும் லாக்டோபேசில்லஸ்தான். 2020இல் அந்தப் பேரினத்தை 25 துண்டாகப் பிரித்த பிறகு பெயர்கள் நாக்கைச் சுளுக்க வைக்கும் நீளத்துக்குப் போய்விட்டன. லேப் புதுப் பெயரையே போட்டிருந்தது, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் 16 எஸ் வரிசையை மட்டும் வைத்து பிளாண்டாரத்தையும் அதன் பங்காளிகளான பென்டோசஸ், பாராபிளாண்டாரத்தையும் உறுதியாகப் பிரிக்க முடியாது, மூன்றின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். ரெக்-ஏ மாதிரி இன்னொரு மரபணுவையோ முழு ஜீனோமையோ பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் அந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை, ‘பிளாண்டாரம் என உறுதி’ என்று அடித்துச் சொல்கிறது.

ஆனாலும் காசுக்குப் பிரயோஜனமாக எனக்குக் கிடைத்தது இந்தப் பக்கம்தான், அதுவும் லேப் நினைக்காத காரணத்துக்காக. வெயில் காலத்தில் எங்கள் பாட்டில்கள் உப்பும். கடைக்காரர்கள் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புவார்கள், மூடியைத் திறந்தால் சோடா மாதிரிச் சத்தம் வரும், ஆனால் வாசம் சுத்தமாக இருக்கும். ஈஸ்ட்தான் காரணம் என்று நினைத்து மூடியை மாற்றினோம், பாட்டிலைக் கொதிநீரில் கழுவினோம், ஒன்றும் ஆகவில்லை. ரிப்போர்ட்டில் ஈஸ்ட் எண்ணிக்கை குறைவு, ஃபெர்மெண்டமும் வைசெல்லாவும் ஏராளம். இவை இரண்டும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மட்டும் மாற்றுகிற சாதியல்ல, கூடவே கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறவை. அப்புறம் என்ன, தண்ணீரில் ஊறும் நேரத்தைக் குறைத்தோம், பாட்டிலில் மேலே கூடுதல் இடம் விட்டோம், அடைத்த உடனே 4 டிகிரிக்குக் கொண்டுபோனோம். உப்பல் வெகுவாகக் குறைந்துவிட்டது. என் இரண்டரை மார்க்கில் ஒன்று இதற்கு.

இனி பேக்கேஜின் பெருமைக்குரிய பகுதி.

அமிலத் தாங்குதல்: பி.எச். 3இல் மூன்று மணி நேரம் வைத்து எத்தனை பிழைத்தது என்று பார்ப்பது. பிளாண்டாரம் நன்றாகவே பிழைத்தது. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. புளித்த கூழிலேயே நான்குக்குப் பக்கத்தில் பி.எச். இருக்கும், அதிலேயே பிறந்து வளர்ந்தது அது. எதில் வைத்துச் சோதித்தார்கள் என்று பார்த்தால் எம்.ஆர்.எஸ். குழம்பில், அதாவது பாக்டீரியாவுக்கு விருந்துச் சாப்பாடான அதே ஊடகத்தில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி. மனித வயிற்றில் பெப்சின் என்ற செரிமான நொதி இருக்கும், உப்பு இருக்கும், கூழின் மாவும் இருக்கும். உணவு செரிமானத்தைச் செயற்கையாக நடத்திப் பார்க்க இன்ஃபோஜெஸ்ட் என்று ஒரு பொது நெறிமுறை 2014 முதல் இருக்கிறது, வயிற்றுக் கட்டத்துக்குப் பெப்சினோடு பி.எச். 3, இரண்டு மணி நேரம். அதைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். தனிக் கட்டணம் என்றார்கள்.

பித்தநீர்: 0.3 சதவீத ஆக்ஸ்கால், அதாவது மாட்டுப் பித்தம். பாஸ். கல்லூரி புராஜெக்ட்டுகளில் புளித்த உணவிலிருந்து பிரிக்கிற லாக்டிக் பாக்டீரியாவில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று இதில் பாஸாகிவிடும், அதைச் சொல்லித்தான் நாங்களும் அன்று புராஜெக்ட்டை முடித்தோம்.

ஒட்டும் திறன்: இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. பாக்டீரியாக் கரைசலில் தண்ணீரோடு கலக்காத சைலீன் என்ற கரைப்பானை ஊற்றிக் கலக்கி, எவ்வளவு பாக்டீரியா எண்ணெய்ப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். பாதிக்கு மேல் போனால் ‘குடலில் நன்றாக ஒட்டும்’ என்று எழுதிவிடுவார்கள். இந்த டெஸ்ட் சொல்வது பாக்டீரியாவின் மேற்பரப்பு தண்ணீரை எவ்வளவு வெறுக்கிறது என்பதை மட்டும். குடல் என்ன சைலீன் டப்பாவா? கேக்கோ-2, எச்.டி.-29 மாதிரி குடல் செல்களை வளர்த்து அதன்மேல் ஒட்டுகிறதா என்று பார்க்கும் முறை இருக்கிறது, அதற்குச் செல் வளர்ப்பு வசதி வேண்டும், செலவும் அதிகம். அதைச் செய்தாலும் மனிதக் குடலில் தங்கும் என்று உறுதியில்லை. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தினர் எண்டோஸ்கோப்பி வழியாகத் தன்னார்வலர்களின் குடலுக்குள்ளேயே போய் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள், ஒரே ப்ரோபயாட்டிக் கலவை சிலர் குடலில் குடியேறியது, சிலரிடம் ஒட்டவே இல்லை. ரிப்போர்ட்டில் நேர்த்தியான ஒரு பார் வரைபடத்தோடு ‘சிறந்த குடல் ஒட்டுத்திறன்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது.

கிருமி எதிர்ப்பு: ஈ.கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ் தட்டில் குழி தோண்டி, நம் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை ஊற்றினால் சுற்றி வட்டமாகத் தெளிந்தது, அத்தனை மில்லிமீட்டர். படமும் இருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது லாக்டிக் அமிலத்தின் புளிப்பினாலா, இல்லை பாக்டீரியோசின் (பிற பாக்டீரியாவைக் கொல்லும் புரதம்) மாதிரி ஏதாவது தனிப் பொருளினாலா? அதைத் தெரிந்துகொள்ள அந்தத் திரவத்தைக் காரம் சேர்த்து நடுநிலையாக்கி இன்னொரு குழியில் ஊற்ற வேண்டும். அது செய்யவில்லை. கேட்டபோது டெக்னீஷியன் பெண் சிரித்துக்கொண்டே, “மேடம், நியூட்ரலைஸ் பண்ணா பாதிப் பேருக்கு வட்டம் வராது” என்றாள். அவள் நேர்மைக்கு அரை மார்க்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு குறை: ஒப்பிட எந்தப் பழகிய வகையும் வைக்கவில்லை. உதாரணத்துக்கு, 1980களில் கோர்பாக், கோல்டின் என்ற இருவர் பிரித்தெடுத்த ராம்னோசஸ் ஜிஜி என்ற லாக்டிக் பாக்டீரியா. உலகம் முழுக்க நிறைய ஆய்வில் அடிபட்ட வகை. அதையும் பக்கத்தில் வைத்து அதே நாளில், அதே குழம்பில் ஓட்டியிருந்தால் எங்கள் பிளாண்டாரம் அதைவிட மேலா கீழா என்றாவது தெரிந்திருக்கும். ஒப்பீடு இல்லாமல் ‘82 சதவீதம் பிழைத்தது’ என்றால் அதை வைத்து என்ன செய்வது?

பாதுகாப்புப் பகுதியில் ஒரு பக்கம் சிவப்பாக இருந்தது. மூன்று வகையும் வான்கோமைசினுக்குக் கட்டுப்படவில்லை என்று. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரியில கடைசி மருந்துனு சொல்வாங்களே, அதுக்கே கேக்காதா? நாம விக்கிறத நிறுத்திடலாம்” என்று பதறிவிட்டார். உண்மையில் இந்த வகை லாக்டோபேசில்லஸ்களுக்கும் வைசெல்லாவுக்கும் அது பிறவிக் குணம், செல் சுவர் கட்டும் இடத்தில் வான்கோமைசின் பிடிக்கும் கொக்கியே அவற்றில் வேறு மாதிரி. அது இன்னொரு கிருமிக்குத் தாவாது. பயப்பட வேண்டியது டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் எதிர்ப்பு, அதற்கான மரபணு தாவக்கூடிய துண்டில் இருந்தால் அந்த பாக்டீரியாவை உணவில் வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டியில் பிளாண்டாரத்துக்கு வான்கோமைசின் டெஸ்ட் தேவையே இல்லை என்று இருக்கிறது. வேண்டாததைச் சிவப்பில் காட்டி, வேண்டியதை ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். அதுவும் முல்லர் ஹிண்டன் என்ற ஊடகத் தட்டில் மருந்து வில்லை வைத்துச் செய்தது. லாக்டோபேசில்லஸ் அதில் ஒழுங்காக வளராது என்பதால்தான் இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 10932 என்று தனி முறை இருக்கிறது. இரத்த அகார் சோதனையில் செல்களை உடைக்கவில்லை, நல்லது. ஹிஸ்டமின், டைரமின் மாதிரி அமீன்கள் உண்டாகிறதா என்று பார்க்கவே இல்லை, புளித்த உணவில் தலைவலி, தோல் தடிப்பு என்று சிலருக்கு வருவதற்கு அவையும் ஒரு காரணம்.

சரி, இவ்வளவும் முடிந்து ‘கலந்துரையாடல்’ என்று ஒரு பகுதி. அதில் ‘இந்தப் பாலின் புரதச் சூழலில் பாக்டீரியா சிறப்பாகப் பாதுகாக்கப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம். எங்கள் கூழில் பால் எங்கே இருக்கிறது? இன்னொரு பத்தியில் ‘கெஃபிர்’ என்று புளித்த பால் பானத்தின் பெயரே வருகிறது. யாருக்கோ செய்த ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சொன்னதும் ஒரு மணி நேரத்தில் திருத்தி அனுப்பினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் முடிவுரை அப்படியே இருந்தது. எந்தப் பொருள் போனாலும் அதே முடிவுரைதான் போலிருக்கிறது.

சான்றிதழ் சொல்வது: ‘ப்ரோபயாட்டிக் பொட்டென்ஷியல் உறுதி செய்யப்பட்டது’. அந்த ‘பொட்டென்ஷியல்’தான் அவர்களுக்குத் தப்பிக்கும் வழி. 2001இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் உலக உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு கொடுத்த வரையறையைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், சாப்பிடுகிறவருக்கு உடல்நல நன்மை தர வேண்டும். எங்கள் ரிப்போர்ட் முதல் இரண்டைத்தான் தொடுகிறது. மூன்றாவதை மனிதர்களுக்குக் கொடுத்துத்தான் காட்ட முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே கேட்கிறது: வகையின் பெயர் உபபிரிவு வரை, அதை நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்த எண், குழாய்ச் சோதனை, விலங்குச் சோதனை, பாதுகாப்பு, கடைசியில் மனித ஆய்வு. நாங்கள் கட்டிய பணம் குழாய்ச் சோதனையின் பாதி வழி வரைக்கும்தான் வந்தது.

மனித ஆய்வு என்றால் எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு எடுத்துக்காட்டு இருக்கிறது. யாகுல்ட்டின் ஷிரோட்டா வகையை மினோரு ஷிரோட்டா 1930இல் கியோட்டோவில் வளர்த்தெடுத்தார், 1935இலேயே விற்பனைக்கும் வந்துவிட்டது, ஆனால் அது நம் குழந்தைகளுக்கு என்ன செய்கிறது என்று கொல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதியில் 1 முதல் 5 வயது வரையிலான 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 12 வாரம் தினமும் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் செய்த ஆய்வு வெளிவந்தது 2011இல். வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. பிரமாதமான எண் இல்லை, ஆனால் உண்மையான எண். இன்னொன்று ஒடிசா. அங்கே கிராமங்களில் பிறந்த 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒரு வாரம் பிளாண்டாரத்தையும் அதற்கு உணவான ஒரு சர்க்கரையையும், மீதிப் பேருக்குப் போலி மருந்தையும் கொடுத்து 60 நாள் கண்காணித்தார்கள். இரத்தத் தொற்றும் மரணமும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4க்கு இறங்கியது. 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இதைப் படித்துவிட்டு ‘எங்கள் கூழிலும் பிளாண்டாரம்தான்’ என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒடிசாவில் கொடுத்தது பிளாண்டாரத்திலேயே ஏ.டி.சி.சி. 202195 என்ற ஒரே ஒரு வகை, ஆரோக்கியமான ஒரு குழந்தையிடமிருந்து பிரித்தெடுத்தது. அந்த வேலையை எங்கள் பானையில் இருப்பதும் செய்யும் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை.

பானை என்றதும் இன்னொன்று. லேப் சோதித்தது ஒரு நாள் கூழிலிருந்து எடுத்த மூன்று காலனியை. அடுத்த வாரம் வேறு கம்பு, வேறு தண்ணீர், வேறு வெயில். பிளாண்டாரம் அன்றைக்கு முன்னணியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்படித் தானாகப் புளிக்கும், வகை தெரியாத உணவுகளை ‘ப்ரோபயாட்டிக்’ என்று சொல்லக் கூடாது, ‘உயிருள்ள பாக்டீரியா உள்ளது’ என்று சொன்னால் போதும் என்று ப்ரோபயாட்டிக் விஞ்ஞானிகளின் சர்வதேச சங்கமான ஐசாப் 2014லேயே சொல்லிவிட்டது. இதைக் கேட்டு யாரும் கூழையோ பழைய சோற்றையோ மட்டமாக நினைக்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், அங்கே கேட்ட கேள்வி சரியான கேள்வி: சாப்பிட்டவருக்கு என்ன ஆயிற்று? சைலீனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதல்ல.

இந்தப் பேக்கேஜை யார் வாங்கலாம்? கல்லூரி ஆய்வு செய்கிறவர், ஏராளமான வகைகளிலிருந்து எதை மேற்கொண்டு ஆராயலாம் என்று சலித்தெடுக்க நினைக்கிறவர் வாங்கலாம், இந்த டெஸ்ட்டுகள் உருவானதே அப்படிச் சலித்தெடுக்கத்தான். அப்போதும் ஒப்பீட்டு வகை, நடுநிலையாக்கிய குழி இரண்டும் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலில் ஒட்ட லேபிள் வேண்டும் என்று வாங்குகிறவர் வாங்க வேண்டாம், அந்தச் சான்றிதழ் ஃபெசாய் அதிகாரி முன்னால் நிற்காது. ஃபெசாய் விதியில் அனுமதித்த ப்ரோபயாட்டிக் வகைகளின் பட்டியல் இருக்கிறது, உங்கள் வகை அதில் இல்லையென்றால் தனி அனுமதிதான். என் மாதிரிச் சின்ன உற்பத்தியாளர் மூன்றே மூன்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால் போதும்: ஒன்று, கோலிஃபார்ம், ஈஸ்ட், பூஞ்சை எண்ணிக்கை; இரண்டு, லாக்டிக் பாக்டீரியா எண்ணிக்கை, அதுவும் அடைத்த அன்றைக்கு மட்டுமில்லாமல் காலாவதித் தேதியிலும்; மூன்று, எந்த வகைகள் இருக்கின்றன என்று ஒரு முறை. மூன்றும் சேர்ந்து பேக்கேஜ் விலையில் பாதிகூட வரவில்லை. நாங்கள் இப்போது இரண்டாவதை மட்டும் மாதாமாதம் செய்கிறோம், அதே லேபில்தான், எண்ணுகிற வேலையை அவர்கள் ஒழுங்காகவே செய்கிறார்கள்.

மேல் தட்டு கிடைக்கவில்லை. ‘உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா உள்ளது, குளிரில் வைக்கவும்’ என்று லேபிள் அடித்துக் கொண்டுபோனோம், கொள்முதல் பார்க்கிறவர் படித்துவிட்டு, “உயிருள்ள பாக்டீரியான்னா கஸ்டமர் பயப்படுவாங்க மேடம்” என்றார். மோருக்குப் பக்கத்தில் கீழ்த் தட்டில் இருக்கிறோம், அங்கேயே நன்றாகப் போகிறது.